சம்பளம் வந்த ரெண்டே நாள்ல காணாம போவுதா? குடும்பமா ஒரு மாசம் முன்னுக்குப் போற வழி

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கிறவங்களானாலும் சரி, தோட்டத்த விட்டு தாமான் வீட்டுக்கு வந்தவங்களானாலும் சரி, சிக்கனம்னு பேச்ச எடுத்தாலே "தே தாரிக்க நிறுத்து, பாசார் மாலாம் போகாத"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அதெல்லாம் சில்லறை காசு. நம்ம வீடுகள்ல காசு நிக்காததுக்கு காரணம் வேற. போன மாசம் சாப்பிட்டதுக்கு இந்த மாச சம்பளத்துல கட்டுறோம், இந்த மாசம் சாப்பிடறதுக்கு மறுபடியும் கடன் சொல்றோம். சம்பளம் நம்ம கைக்கு வர்றப்பவே அது தவுக்கே, அதான் கடைக்காரர் காசு. இந்த ஒரு மாச பின்தங்கல சரி பண்ணாம என்ன சிக்கனம் பண்ணாலும் ஓட்ட வாளில தண்ணி பிடிக்கிற மாதிரிதான், அதனால இங்க எழுதப் போற எல்லாமே அந்த ஒரு மாசத்த எப்படி பிடிக்கிறதுங்கிறதுக்குத்தான்.

மொதல்ல கைக்கு எவ்ளோ வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க

2025 பிப்ரவரிலேருந்து குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அதுல சேமநிதி இபிஎஃப் 11 சதவீதம், அதாவது 187 வெள்ளி போகும், தொழிலாளர் காப்புறுதி சொக்சோவும் வேலையிழப்பு காப்புறுதி இஐஎஸ்ஸும் சேர்ந்து இன்னொரு பத்து பன்னெண்டு வெள்ளி, ஆக கைக்கு வர்றது 1,500 கிட்ட. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இந்த சம்பளத்துல வேலை செஞ்சா 3,000. "எனக்கு 1,700 சம்பளம்"னு மனசுல வச்சுக்கிட்டு செலவு பண்றதுலதான் மொத ஓட்ட விழுது. அடுத்து, சம்பளத்த மாசம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள கொடுத்துடணும்னு சட்டம் இருக்கு, உங்க இடத்துல எத்தனாந்தேதி போடறாங்களோ அந்த தேதிலேருந்து அடுத்த அந்த தேதி வரைக்கும்தான் உங்க மாசம், காலண்டர் மாசத்த மறந்துடுங்க. நடு மாசத்துல அட்வான்ஸ் எடுக்கிற பழக்கம் இருந்தா அதயும் சம்பளத்துலேருந்து கழிச்சுட்டு பாருங்க. அட்வான்ஸ் உங்க காசுதான், ஆனா அதுக்கு அப்புறம் வர்ற சம்பளம் பாதியா இளைச்சுதான் வரும்.

எழுதறதுக்கு ஆப் எல்லாம் தேவையில்ல, கடைல விக்கிற அதே 555 புத்தகம் ஒண்ணு போதும். தவுக்கே நம்ம கடன எழுத வச்சிருக்கிற அதே புத்தகம், நாம ஒண்ணு வாங்கி நம்ம செலவ எழுதலாம், ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. ஒரு மாசம் எழுதுங்க, எதயும் குறைக்க வேணாம், சும்மா எழுதுங்க. புருஷன் சிகரெட், பொண்டாட்டி ஆன்லைன்ல வாங்குன நைட்டி, பிள்ளைங்க டாப்-அப், எல்லாம். யாரும் யாரயும் கேள்வி கேக்கக்கூடாது, கேட்டா அடுத்த நாள்லேருந்து யாரும் உண்மைய எழுத மாட்டாங்க.

கடைக் கணக்க வாரம் வாரமா அடைக்கிற முறை

இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க. கடைக் கடன ஒரே அடியா அடைச்சுட்டு ரொக்கத்துக்கு மாறணும்னா ரெண்டு மாச சாமான் காசு ஒரே நேரத்துல வேணும், அது யார்கிட்டயும் இருக்காது, அதனாலதான் எல்லாரும் ஆரம்பிச்சுட்டு விட்டுடறாங்க. ஒரு வாரம் ஒரு வாரமா நகத்துனா முடியும்.

உதாரணத்துக்கு உங்க மாச சாமான் 560 வெள்ளின்னு வைங்க, வாரத்துக்கு 140. இப்ப சம்பளம் வந்ததும் பழைய கணக்கு 560 கட்டுறீங்க, அன்னைலேருந்து மறுபடியும் புத்தகத்துல எழுதுறீங்க. இனிமே இப்படி பண்ணுங்க: மொத மாசம் 560 கட்டுங்க, கூட ஒரு 140 ரொக்கம் எடுத்து வச்சு மொத வாரத்து சாமான காசு கொடுத்து வாங்குங்க, மிச்ச 3 வாரம் மட்டும் புத்தகம். அப்ப அடுத்த சம்பளத்துல கடன் 420தான். அந்த மாசம் 420 கட்டி, 280 ரொக்கத்துல 2 வாரம் வாங்குங்க. மூணாவது மாசம் 280 கடன், 420 ரொக்கம். நாலாவது மாசம் 140 கடன், 560 ரொக்கம். பாத்தீங்கன்னா ஒவ்வொரு மாசமும் மொத்தம் 700தான் போவுது, அதாவது வழக்கத்த விட 140 கூட, 4 மாசத்துக்கு மட்டும். அஞ்சாவது மாசம் புத்தகத்துல ஒண்ணும் இல்ல, மாசம் 560லயே நிக்கும், அந்த 140 இனிமே உங்களுது.

கடைக்காரர்கிட்ட இத நேரா சொல்லிடணும். திடீர்னு ரொக்கத்துல வேற கடைல வாங்குறது தெரிஞ்சா அவருக்கு இவங்க ஓடிடுவாங்களோன்னு பயம் வரும். "தவுக்கே, இந்த மாசம் மொத வாரம் காசு கொடுத்து வாங்குறேன், கணக்கு எழுதாத, பழைய கணக்கு சம்பளம் அன்னிக்கு முழுசா கட்டிடுவேன்"னு சொன்னா "ஓகேலா, உங்க இஷ்டம்"னு போயிடுவாரு. கட்டும்போது புத்தகத்துல கோடு போட்டு மொத்தம் சரி பாத்துட்டு கட்டுங்க, பிள்ளைங்கள அனுப்பி எழுதி வாங்குன வீடுகள்ல நம்ம வாங்காத ஒரு ஐஸ்கிரீமும் கச்சாங்கும் கண்டிப்பா இருக்கும். அது தவுக்கே தப்பு இல்ல, நம்ம வீட்டு தப்பு.

கடன்ல வாங்குறதுக்கு வட்டி இல்லன்னு நெனப்போம். வட்டி இல்லதான், ஆனா விலைய நாம தேர்ந்தெடுக்க முடியாது, 1 கிலோ பாக்கெட் எண்ணெய் இல்லன்னா அவர்கிட்ட இருக்கிற பாட்டில் எண்ணெயத்தான் எழுதிட்டு வரணும். கைல ரொக்கம் இருந்தாத்தான் அரசாங்க மலிவு விற்பனை ஜுவாலான் ரஹ்மா நடக்கிற அன்னிக்கு போய் நிக்க முடியும், எக்கான்சேவ் சூப்பர்மார்க்கெட்ல ஆஃபர் போடும்போது வாங்க முடியும்.

அந்த 140 எங்கேருந்து வரும்

மொத இடம் உங்க மைகாட், அதான் ஐசி. அரசாங்கத்தோட சாரா உதவி கிடைக்கிற குடும்பமா இருந்தா தகுதிய பொறுத்து மாசம் 50, 100 வெள்ளின்னு ஐசிலயே வருது, பணமா எடுக்க முடியாது, பதிவு பண்ண கடைல அரிசி, முட்டை, எண்ணெய், மாவு, டின் சாமான், சோப்பு, ஸ்கூல் சாமான் மாதிரி வாங்கலாம். இத போனஸா நெனச்சு பிஸ்கட்டும் மீலோவும் அள்ளிட்டு வர்றவங்கதான் அதிகம். அப்படி பண்ணாதீங்க, சம்பளம் வந்த மொத வாரத்து அரிசி எண்ணெய் மாவ அதுல வாங்குங்க, 100 வர்றவங்களுக்கு 140ல 100 அங்கேயே முடிஞ்சுது, மிச்சம் 40தான் தேடணும். எஸ்டிஆர்ங்கிற அரசாங்க ரொக்க உதவி விவரத்துல புதுசா பிறந்த பிள்ளய சேக்காம விட்டவங்க இருக்கீங்க, திறக்கும்போது அப்டேட் பண்ணிடுங்க.

அடுத்து கட்டுப்பாட்டு விலை சாமான், இத மனப்பாடமா வச்சுக்கோங்க: உள்ளூர் வெள்ள அரிசி 10 கிலோ 26 வெள்ளி, சீனி கிலோ 2.85, பாக்கெட் எண்ணெய் 1 கிலோ 2.50, சாதா கோதுமை மாவு 1 கிலோ பாக்கெட் 1.35, 14 கிலோ கேஸ் தோம்பு 26.60. கேஸ வீட்டுக்கு கொண்டாந்து போட்டா கூட வாங்குவாங்க, மோட்டார்ல தூக்கிட்டு வர முடிஞ்சா அந்த காசு மிச்சம், முடியலன்னா விடுங்க, முதுகு போனா அதுக்கு மேல செலவு. மத்த சாமானுக்கு பிரைஸ்கேச்சர்னு உள்நாட்டு வாணிப அமைச்சோட ஆப் இருக்கு, பக்கத்து கடைங்கள்ல என்ன விலைன்னு பாக்கலாம்.

அரிசி விஷயத்துல நம்மாளுங்களுக்கு ஒரு பிடிவாதம், இந்தியாலேருந்து வர்ற பொன்னிதான் வேணும்னு. தினமும் பொன்னி சாப்பிட்டா உள்ளூர் அரிசிய விட நல்லாவே கூட ஆகும். வார நாள்ல உள்ளூர் அரிசி, வெள்ளிக்கிழம விரதத்துக்கும் ஞாயித்துக்கிழம கறி சாப்பாட்டுக்கும் பொன்னின்னு பிரிச்சுட்டா வீட்ல சண்டையும் வராது. உள்ளூர் அரிசிக்கு தண்ணி கொஞ்சம் கம்மியா வைங்க, ஊற வைக்காம போடுங்க, குழையாது.

குழம்புக்கு வீட்டு பின்னால இருக்கிற அரை அடி மண்ணு போதும். முருங்க, கறிவேப்பில, பண்டான், சிலி பாடி, மரவள்ளி, இது அஞ்சும் வச்சா பாத்துக்கவே தேவையில்ல, அதுபாட்டுக்கு வளரும். தாமான் வீட்ல மண்ணே இல்லன்னா பழைய பெயிண்ட் வாளில அடில ஓட்ட போட்டு கத்திரியும் வெண்டையும் வைக்கலாம், அரிசி கழுவுன தண்ணிய ஊத்துங்க. வாரத்துல ரெண்டு நாள் முருங்கக்கீர, ஒரு நாள் மரவள்ளிக் கிழங்கு நெத்திலி சம்பல்னு வந்துட்டா காய்கறிக்கு போற காசு நல்லாவே இறங்கும். மீனு விலை ஏறும்போது கெம்போங்க பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, தெம்பேவ சின்னதா வெட்டி நெத்திலியோட மொறுமொறுன்னு பொரிச்சு மிளகாய்த்தூள் போட்டு பெரட்டுங்க, மீனு இல்லன்னு பிள்ளைங்க கேக்கவே மாட்டாங்க. கோழிய துண்டா வாங்காம முழுசா வாங்கி வெட்டுனா எலும்பும் கழுத்தும் ரசத்துக்கும் சூப்புக்கும் தனியா கிடைக்கும், அத டப்பால போட்டு எந்த நாளைக்குன்னு மேல எழுதி ஃப்ரீசர்ல வைங்க. எழுதாம வச்சா எதுக்கு இருக்குன்னே தெரியாம தீபாவளி வரைக்கும் கிடக்கும்.

பாசார் மாலாம் போங்க, போக வேணாம்னு சொல்லல. சாப்பிட்டுட்டு போங்க, கைல 15 வெள்ளி மட்டும் எடுத்துட்டு போங்க, இ-வாலட் உள்ள போன வீட்ல வைங்க, மூடப் போற நேரத்துல போனா காய்கறி கூறு போட்டு கம்மி விலைக்கு தள்ளுவாங்க.

கரண்ட் பில்லுக்கு வருவோம். 2025 ஜூலைலேருந்து கரண்ட் கம்பெனி டிஎன்பி கணக்கு போடற முறை மாறிடுச்சு, மாசம் 1,000 யூனிட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்கு தள்ளுபடி தராங்க, எவ்ளோ கம்மியா பாவிக்கிறோமோ யூனிட்டுக்கு அவ்ளோ அதிகம் தள்ளுபடி, அதோட 600 யூனிட்டுக்குள்ள இருந்தா 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் கிடையாது. அதனால கொஞ்சம் குறைச்சாலும் பில்லுல நல்லா தெரியும். சாதாரண வீட்ல கரண்ட தின்றது ஏர்கண்ட், வாட்டர் ஹீட்டர், பழைய ஐஸ்பெட்டி, நாள் முழுக்க சூடா நிக்கிற தெர்மோ பாட், சோறு வெந்த பிறகும் வார்ம்ல கிடக்கிற குக்கர். லைட்ட அணைச்சுட்டு ஏர்கண்ட 18ல வச்சு போர்வ போத்திக்கிட்டு தூங்குறவங்கள பாத்தா சிரிப்புதான் வரும். 26ல வச்சு கூட ஃபேன் போடுங்க, விடியக்காலை 4 மணிக்கு ஆஃப் ஆகுற மாதிரி டைமர் வைங்க. ராத்திரி ஷிஃப்ட் வேலை பாக்கிற வீடா இருந்தா டிஎன்பி நேரக் கட்டணத் திட்டம்னு ஒண்ணு இருக்கு, விண்ணப்பம் பண்ணா திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் மதியம் 2 மணிலேருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் விலை கூட, மத்த நேரமும் சனி ஞாயிறு முழுசும் கம்மி. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து சாயந்திரம் முழுக்க டிவியும் ஏர்கண்டும் ஓடற வீட்டுக்கு இது ஆகாது.

பெட்ரோல் 2025 செப்டம்பர் 30லேருந்து மைகாட் காட்டுனா ரோன்95 லிட்டர் 1.99ன்னு வந்துடுச்சு, அதுக்காக காடிய எடுத்துட்டு ஈப்போவுக்கு சும்மா சும்மா போறது மிச்சம் ஆகாது. 150 சிசிக்குள்ள மோட்டாருக்கு ரோட் டாக்ஸ் வருஷத்துக்கு வெறும் 2 வெள்ளி, ஊருக்குள்ள எல்லாத்துக்கும் மோட்டாரே போதும். காய்ச்சல் சளிக்கு தனியார் கிளினிக் ஓடாதீங்க, அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல 1 வெள்ளிதான், காத்திருக்கணும் அவ்ளோதான். 40 வயசு தாண்டுன பி40, அதாவது வருமானம் கம்மியான குடும்பத்துக்கு பெகா பி40 திட்டத்துல இலவசமா உடம்பு செக் பண்ணலாம், நம்ம இனத்துல சீனி வியாதி எவ்ளோன்னு எல்லாருக்கும் தெரியும், பிறகு மாத்திரைக்கும் டயாலிசிஸ்க்கும் அலையறத விட இப்ப ஒரு காலை நேரம் போனா போகட்டும்.

தவணையும் வட்டியும்

மாசத் தவணைல வாங்கும்போது மாசம் எவ்ளோன்னு மட்டும் கேக்காதீங்க, மொத்தம் எவ்ளோன்னு கேளுங்க. 1,200 வெள்ளி போன் மாசம் 90, 18 மாசம்னு சொன்னா 1,620 ஆச்சு, 420 வெள்ளி, ஒரு குடும்பத்துக்கு 3 வாரத்து சாமான். வீட்டுக்கே வந்து பேசி சட்டி செட்டும் மெத்தையும் தலையில கட்டுறவங்களும் இதே கணக்குதான்.

ஆலோங்க, அதான் லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன விட்டு தள்ளி இருங்கன்னு சொல்றது சுலபம், ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்களுக்கு என்ன சொல்றது? மொதல்ல இது தெரிஞ்சுக்கோங்க, லைசென்ஸ் உள்ள வட்டிக்காரரு அடமானம் இல்லாம கடன் கொடுத்தா வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கக்கூடாது, அடமானம் இருந்தா 12. மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு. உங்க பேங்க் கார்டயும் பின் நம்பரயும் பிடிச்சு வச்சுக்கிட்டு சம்பளம் அன்னிக்கு அவரே எடுத்துக்கிறாருன்னா அது லைசென்ஸ் காரர் பண்ற வேலையே இல்ல. பேங்க் கடன், கிரெடிட் கார்டு கடன்ல முழிக்கிறவங்க கடன் ஆலோசனை நிறுவனம் ஏகேபிகே போங்க, 2006லேருந்து இருக்கு, பேங்க் நெகாரா ஆரம்பிச்சது, ஆலோசனைக்கு காசு வாங்க மாட்டாங்க, தவணைய மாத்தி அமைச்சும் தருவாங்க. காசு கேட்டு "நான் ஏகேபிகே ஆளு"ன்னு போன் பண்றவன் பொய்யன்.

வருஷத்துக்கு ஒரு தடவ வர்றது

அஞ்சாவது மாசம் கைக்கு வந்த 140 ஞாபகம் இருக்கா, அத செலவழிக்காம இதுக்கு திருப்புங்க. தீபாவளி, ஸ்கூல் திறப்பு, காடி இன்சூரன்ஸ், தைப்பூசம், கோயில் திருவிழா, மொய். எல்லாம் தேதி தெரிஞ்ச செலவுதான், ஆனா ஒவ்வொரு வருஷமும் திடீர்னு வந்த மாதிரி முழிக்கிறோம். 2026லேருந்து ஸ்கூல் மறுபடியும் ஜனவரிலயே திறக்குது, 2026 தீபாவளி நவம்பர் 8, ஆக தீபாவளி முடிஞ்சு ரெண்டே மாசத்துல காலணி, பேக், யூனிஃபார்ம், அதோட தைப்பூசம் எல்லாம் வரிசையா நிக்கும். போன வருஷம் இதுக்கெல்லாம் எவ்ளோ ஆச்சுன்னு கூட்டி 12ல வகுத்து, மாசா மாசம் எடுத்து வைங்க. 2,400 ஆச்சுன்னா மாசம் 200. 140தான் இருக்குன்னா 1,680க்கு தகுந்த தீபாவளி கொண்டாடுங்க, முறுக்கு சுடறத ரெண்டு மூணு வீட்டு அக்காமாருங்க சேந்து ஒரே அடுப்புல சுட்டா எண்ணெயும் கேஸும் மிச்சம், வாயும் நல்லா வேலை செய்யும்.

சேத்தத எங்க வைக்கிறது

வீட்ல அரிசி டின்ல வைக்காதீங்க, எடுத்துடுவோம். சம்பளம் வர்ற பேங்க்லயும் வைக்காதீங்க. வேற பேங்க்ல, கார்டு இல்லாம ஒரு புத்தகக் கணக்கு தொறங்க. பேங்க்ல போடற காசுக்கு அரசாங்கத்தோட பிஐடிஎம் பாதுகாப்பு உண்டு, ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல 250,000 வெள்ளி வரைக்கும். அவசரக் காசு மொதல்ல 300 சேருங்க, மோட்டார் டயரும் பிள்ளைக்கு கண்ணாடியும் அதுல முடியும், பிறகு ஒரு மாசச் செலவு அளவுக்கு ஏத்துங்க. அதுக்கு மேல போனா ஏஎஸ்என்பிங்கிற யூனிட் டிரஸ்ட் நிறுவனத்துல அமானா சஹாம் மலேசியா இருக்கு, எல்லா மலேசியரும் போடலாம், யூனிட் 1 வெள்ளி, 10 வெள்ளில தொடங்கலாம், ஆனா யூனிட் காலியா இருக்கும்போதுதான் கிடைக்கும், அப்பப்ப பாத்துக்கிட்டே இருங்க.

கூட்டு பிடிக்கிறதப் பத்தி கண்டிப்பா கேப்பீங்க. 10 பேரு மாசம் 100 போட்டு, ஒவ்வொரு மாசமும் ஒருத்தர் 1,000 எடுக்கிறது. சொந்தக்காரங்களுக்குள்ள பல வருஷமா ஒழுங்கா நடக்கிறதும் இருக்கு. ஆனா மொத ரெண்டு மாசத்துல எடுத்தவரு ஊர விட்டு போயிட்டா யார்கிட்ட போய் கேப்பீங்க? கூட்டு நிதிய தொழிலா நடத்துறத 1971லயே சட்டம் போட்டு தடை பண்ணிட்டாங்க, போலீஸ் ரிப்போர்ட் போட்டாலும் காசு திரும்ப வர்றது சந்தேகம்தான். வாட்ஸ்அப்ல முகம் தெரியாத அட்மின் நடத்துறதுல போடவே போடாதீங்க. கட்டாயம் இருந்தாத்தான் சேக்க முடியுதுன்னா பேங்க்ல சம்பளம் வந்த மறுநாளே தானா இன்னொரு கணக்குக்கு போற மாதிரி செட் பண்ணலாம், அதுவும் கட்டாயம்தான், ஓடிப் போக ஆளு கிடையாது.

நம்ம ஊர்ல பொறந்த, அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்ப, வெள்ளைக்காரன் தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டு போயிட்டிருந்தான். 100 வெள்ளி பங்க மாசம் 10 வெள்ளியா தோட்டத் தொழிலாளிங்க கட்டி, அந்தக் காசுல தோட்டமே வாங்குனாங்க. அன்னிக்கு அவங்க கூலில 10 வெள்ளி பெருசு. சம்பளம் வந்ததும் மொதல்ல அத கட்டிட்டு மிச்சத்துல சாப்பிட்டதாலதான் முடிஞ்சுது.

இபிஎஃப் ஆப்ப தொறந்து முதலாளி மாசா மாசம் கட்டுறாரான்னு பாருங்க, சம்பளம் 5,000க்குள்ள இருந்தா அவரு பங்கு 13 சதவீதம். காண்ட்ராக்ட்ல வேலை செய்றவங்க முக்கியமா பாக்கணும், சம்பள சீட்டுல பிடிச்சுட்டு அங்க கட்டாம விட்ட கதை நிறைய. 2024 மேலேருந்து நம்ம காசுல 10 சதவீதம் ஃப்ளெக்சிபிள் கணக்குக்கு போவுது, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், அதனாலதான் அத தொடக்கூடாது. வீட்ல நாசி லெமாக் கட்டி விக்கிற, தையல் தைக்கிற அக்காமாருங்க இபிஎஃபோட ஐ-சாராஅன் திட்டத்துல சேந்து தானா கட்டலாம், 2025லேருந்து நீங்க போடறதுக்கு அரசாங்கம் 20 சதவீதம் கூட போடுது, வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும். எந்த பேங்க் தரும் இத?

பிள்ளைங்களுக்கு எஸ்எஸ்பிஎன்ங்கிற படிப்புச் சேமிப்பு போடச் சொல்லி வரிக்கழிவு கிடைக்கும்பாங்க. 1,700 சம்பளக்காரருக்கு வரியே வராது, அதனால கழிவுக்காக ஓட வேணாம், ஆனா பிறகு பிடிபிடிஎன் மேல்படிப்பு கடன் கேக்க எஸ்எஸ்பிஎன் கணக்கு இருக்கணும், சின்னதா ஒண்ணு தொறந்து வச்சுக்கோங்க. தீபாவளி அங்பாவ் காச பிள்ளைங்க கண்ணு முன்னாடி எண்ணி அவங்க பேர்ல போடுங்க, அவசரத்துக்கு அதுலேருந்து அப்பா அம்மா எடுத்தா வீட்டு 555 புத்தகத்துல தேதி போட்டு எழுதி அடுத்த சம்பளத்துல திருப்பி வைங்க, எழுதும்போது பிள்ளைய கையெழுத்து போடச் சொல்லுங்க.